வெள்ளை நூல் பை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் நலம். ஜனவரியில் உன்னைப் படுக்கப் போட்ட காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டதா? இருமல் மிச்சம் இருக்கிறதா? ஒளிக்காமல் எழுது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் ஹாஸ்டல் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் பேச ஆரம்பித்தால் நமக்கு ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட்டால், பதில் வருவதற்குள் என்ன சண்டை என்பதே மறந்துவிடுகிறது.

இதோடு வரும் பெட்டி எங்கள் கம்பெனியின் புதுச் சரக்கு. டீ பேக் தெரியுமல்லவா, அதே போல் காபிக்கு. மெல்லிய தாள் பைக்குள் ஒரு ஆளுக்கு அளந்த தூள், ஒரு நூல், நூலின் முனையில் ஒரு சீட்டு. காற்றுப் பட்டால் தூள் செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக வெள்ளி நிற உறை. உறையைக் கிழி, பையைக் கோப்பையில் போடு, கொதிக்கும் தண்ணீரை ஊற்று, நாலு நிமிடம் பொறு. வடிகட்டி வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். ஆபீஸ் போகிறவர்கள், பயணம் போகிறவர்கள், தனியாக இருப்பவர்கள் என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஸ்டன்ட் பொடியின் சுலபமும் வேண்டுமாம், நிஜக் காபியின் வாசனையும் வேண்டுமாம்.

வறுவல் முதலாளியம்மாவின் பொறுப்பு. பையும் உறையும் என்னுடையது. சிவப்பு நூல் ஒரு வறுவல், நீல நூல் இன்னொன்று. எது உசத்தி என்று நீதான் சொல்ல வேண்டும். அப்பா ஒளிந்து சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்டுபிடித்தவள் நீ. வீட்டில் உன் பெயரே 'மூக்கு' தானே? "எங்க வீட்ல ஒரு மூக்கு இருக்கு மேடம், அது சொன்னா சொன்னதுதான்" என்று முதலாளியம்மாவிடம் பெருமை அடித்து வைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளையைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. "சூடா இருந்தா காபி, ஆறிப் போனா கஷாயம். இதுல என்னடி ஆராய்ச்சி?" என்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னவள்

*

மார்ச் 2

சின்னவளுக்கு,

உடம்பு தேவலை. காய்ச்சல் போய்விட்டது. வந்த விருந்தாளி வெறுங்கையோடா போவான், கைக்குக் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளையின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

உன் காபிக்கு வருகிறேன். முதலில் அந்த உறை. கிழிக்க எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. விரலால் இழுத்தேன், நகத்தால் கிள்ளினேன், கடைசியில் பல்லால் கடித்தேன். மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் நர்ஸ் பார்த்துவிட்டு, "வார்டன், அது எலிக்கு வச்ச பொறி இல்ல, இந்தாங்க கத்திரி" என்று கொடுத்தாள். அடுத்தது, நாலு நிமிடம் என்று நீ எங்கே அச்சடித்திருக்கிறாய் தெரியுமா? கிழித்துக் குப்பையில் போடும் துண்டில். மூன்றாவது, தண்ணீர் ஊற்றியதும் நூலும் சீட்டும் சேர்ந்து கோப்பைக்குள் குதித்துவிட்டன. கரண்டியால் தூண்டில் போட்டுப் பிடித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லாதே. கூடம் நிஜமாகவே கோணல்.

ஆனாலும் ஒன்று பிடித்திருந்தது. ஒரு ஆளுக்கு யாரோ முன்கூட்டியே அளந்து, மடித்து, மூடி வைத்திருக்கிறார்கள் என்பது. தனியாக இருப்பவளுக்கு அது கொஞ்சம் ஆறுதல்தான்.

சிவப்பு சற்றுக் கசப்பு. நீலம் மென்மை. இரண்டும் நன்றாக இருக்கின்றன.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

நலம். முதுகுவலிக்காரரும் நலம். உன் கடிதத்தை மிஷின்காரருக்கு வாசித்துக் காட்டினேன். உறை ஒட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் அவர் ராஜ்யம். தலையைச் சொறிந்துகொண்டு, "உங்கக்கா காபியக் குடிச்சாங்களா, உறையக் குடிச்சாங்களா?" என்றார். ஆனால் மறுநாளே உறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டார். இப்போது ஒரே இழுப்பு. சீட்டிலும் ஒரு கீறல் போட்டிருக்கிறோம், கோப்பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். நாலு நிமிடத்தை நடுவில் பெரிதாக அச்சடித்தாயிற்று.

எல்லாம் சரி, வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? முதலாளியம்மா, "மூக்கு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார். அடுத்த கடிதத்தில் எழுதுவாள் என்று சமாளித்தேன். இந்தத் தடவை பச்சை நூல். எனக்கு இதில் வறுத்த கொட்டையின் வாசனையும், அடியில் லேசாகப் பழத்தின் வாசனையும் வருகிறது. உனக்கு?

சின்னவள்

*

ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

பதில் தாமதம். கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் கழுத்தைப் பிடிக்கிறது.

பச்சை நூல் பிரமாதம். நீ சொன்னது போலவே வறுத்த கொட்டை, அடியில் பழம். அப்படியே இருக்கிறது. உறை அழகாகக் கிழிகிறது. அந்தச் 'சர்ர்' சத்தத்துக்காகவே இன்னொன்றைக் கிழிக்கலாம் போலிருக்கிறது. மிஷின்காரரிடம் நான் பாராட்டினேன் என்று சொல்.

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் சமையல்கார அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கரியாகி, புகை கண்ணை மறைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். "தியானமா வார்டன்?" என்று ஒரே கேலி. அவ்வளவு வேலை எனக்கு.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். செப்டம்பரோடு ஹாஸ்டல் மூடுகிறது. பெண்களுக்கெல்லாம் வேறு இடம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வார்டனுக்கு யார் இடம் பார்ப்பார்கள் என்று கேட்காதே. நானே பார்த்துக்கொள்வேன்.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? இங்கே வா. ஜன்னல் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது. உன் மாப்பிள்ளை உடைந்த நாற்காலிகளுக்கு அதில் அடைக்கலம் கொடுத்திருக்கிறார். கேட்டேன். "அக்கா வர்றாங்கன்னா நாற்காலி என்ன, நானே வெளியில படுத்துக்கறேன்" என்றார். முதுகு வலிக்காரர் வாயைப் பார்.

"யார் வீட்டிலும் சும்மா உட்கார்ந்து சாப்பிடமாட்டேன்" என்று நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்கும் வழி செய்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் வறுவல் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ருசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். முதலாளியம்மாவிடம் உன்னைச் சொன்னேன். "அந்த மூக்கா? வரச் சொல்லு" என்றார். இந்த வேலை உனக்காகவே பிறந்தது அக்கா. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகலாம். சண்டையைப் பஸ்ஸிலேயே முடித்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

சின்னவள்

*

ஜூன் 6

சின்னவளுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு முட்டி வலி. வேறு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ரொம்ப சந்தோஷம். ஆனால் அது சரிப்படாது. ருசி பார்ப்பதெல்லாம் சின்ன வயசுக்காரர்கள் வேலை. உங்கள் ஊர் ஈரக் காற்று முட்டிக்கு ஆகாது. இந்தப் பெண்களில் சிலர் இன்னும் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். இங்கேயே பக்கத்தில் ஒரு ஒற்றை அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லை, ஆனால் கதவு அகலம்.

தவறாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

ஜன்னல் இல்லாத அறை, என் வீட்டு ஜன்னல் அறையைவிட உசத்தியாகிவிட்டது. சரி. முட்டி வலிக்காரி மூன்று மாடி ஏறி இறங்குகிறாள், தங்கை வீட்டில் ஒரு படி ஏற முடியாது. அதுவும் சரி. என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே எழுதியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், அப்புறம் ஓய்ந்திருப்பேன்.

இதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். நீ வர வேண்டாம், மூக்கை மட்டும் அனுப்பு. அடுத்த மாதம் ஹோட்டல்காரர்கள் வருகிறார்கள். அறைக்கு அறை எங்கள் பையை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். புதிதாக வறுத்த ஒன்றை வெள்ளை நூலில் கட்டச் சொல்லியிருந்தேன். மிஷின்காரர் சாப்பிடப் போயிருந்ததால், அவர் தட்டிலிருந்து நானே அள்ளிப் போட்டு அனுப்புகிறேன். எனக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. நீ குடித்துவிட்டு உண்மையைச் சொல், போதும்.

சின்னவள்

*

ஜூன் 27

சின்னவளுக்கு,

உன் கோபம் உறைக்கு வெளியிலேயே சுட்டது. உன்னோடு இருக்கப் பிடிக்காமல் இல்லை. அதை மட்டும் நம்பு.

வெள்ளை நூல் எல்லாவற்றையும்விட மேல். உறையைத் திறந்ததும் அறை முழுக்க வாசனை. மென்மையான கசப்பு, வறுத்த கொட்டை, அடியில் பழம். யோசிக்கவே வேண்டாம். ஹோட்டல்காரர்களுக்கு இதையே கொடு.

உடம்பைக் கவனி.

அக்கா

*

(சின்னவளின் ஆபீஸ் மேஜை மேல் வைத்திருந்த துண்டுச் சீட்டு)

ஜூலை 2

மேடம்,

இன்று தேடினால், என் தட்டில் இருந்த வெள்ளை நூல் பைகளைக் காணோம். நீங்கள் கேட்ட பையை நான் இன்னும் கட்டவே இல்லை. தட்டில் இருந்தது மிஷின் ஓட்டிப் பார்க்கப் போட்டது. உள்ளே காபி கிடையாது. வறுக்கும்போது உதிர்ந்த தோலும், காய்ந்து போன பழைய சக்கையும்தான். நல்ல தூளை மிஷினுக்குத் தீனி போட்டால் முதலாளியம்மா என்னை வறுத்துவிடுவார்கள். யாராவது தெரியாமல் குடித்துவிடப் போகிறார்கள். அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும், அதனால் ஒரு வாய்க்கு மேல் போகாது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மிஷின்காரர்

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? நான் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. உன் கடிதங்களை முதலிலிருந்து எடுத்து மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். நீல நூல் பையைத்தான் வைத்தோம். மேஜை மேல் வேறு இரண்டு கம்பெனிச் சரக்கும் இருந்தது. அவர்களின் பெரிய மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மற்றவர்கள் உறையோடு மல்லுக்கட்டினார். ஒன்றைப் பல்லால் கடித்தார். இன்னொன்றின் நூல் கோப்பைக்குள் விழுந்தது. பிறகு நம்முடையதை எடுத்தார். ஒரே இழுப்பு. சீட்டு விளிம்பில் போய் உட்கார்ந்தது. நாலு நிமிடம் என்று கண்ணாடி இல்லாமலே படித்தார். "இத யாரு யோசிச்சது?" என்றார். காபியை அதற்குப் பிறகுதான் குடித்தார்கள். ஆர்டர் நமக்கு.

"எங்கக்கா சார்" என்று சொன்னேன். எல்லார் முன்னாலும்.

இப்போது பை கட்டும் கூடத்தில் ஆட்கள் இரண்டு மடங்கு. நூல் சிக்கினால் பெண்கள் மிஷினைத் திட்டுகிறார்கள், மிஷின்காரர் பெண்களைத் திட்டுகிறார். நடுவில் நின்று மேய்க்க ஆள் இல்லை. கூடத்தை நடத்தவும், கட்டி வரும் உறையில் சிலவற்றை ஒரு வாடிக்கையாளர் போலத் திறந்து குறை சொல்லவும் ஒருவர் வேண்டும். கீழே முதலாளியம்மா தன் கையாலேயே எழுதியிருக்கிறார், படி.

வீட்டில் சில மாற்றங்கள். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்திருக்கிறோம். காரணம் ஒன்றுமில்லை, துடைக்கச் சுலபம். ஜன்னல் அறையிலிருந்து நாற்காலிகள் வெளியேறிவிட்டன.

சின்னவள்

அம்மா, வணக்கம். ருசி பார்க்க உங்களைக் கூப்பிட்டது உங்கள் தங்கையின் யோசனை. இது என்னுடையது. சொந்தக்காரர்களை வேலைக்கு வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தப் பை தொடங்கிய நாளிலிருந்து என் கண்ணெதிரே இருந்த மூன்று தப்பை நீங்கள் ஒரே காபியில் பிடித்தீர்கள். ஒரு ஹாஸ்டலையே கட்டி ஆண்டவர் என் கூடத்தையும் ஆள்வீர்கள். செப்டம்பர்வரை பொறுக்கிறேன். அதற்குமேல் மிஷின்காரர் தாங்கமாட்டார்.

*

ஆகஸ்ட் 8

என் சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை அது பேச்சுக்கு எழுதியதல்ல.

மின் அடுப்பு என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். காரணமில்லாமல் நீ ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்றமாட்டாய். இவ்வளவு நீளக் கடிதத்தில் எந்தக் காபிக்கு என்ன வாசனை என்று ஒரு கேள்விகூட இல்லை. அப்போதே புரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று.

ஜனவரிக் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். சோப்பு, மழை, பால், ஒன்றின் வாசனையும் வரவில்லை; கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது. நாக்கில் கசப்பும் இனிப்பும் தெரிகிறது, அதோடு சரி. வரும் என்கிறாள் நர்ஸ், வராமலும் போகலாம் என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வீட்டில் எனக்கு இருந்த ஒரே பட்டம் அது. நீ அழகி, நீ படிப்பு, நீ சிரிப்பு. நான் மூக்கு. அதுவும் போனால் உன்னிடம் என்னவென்று வந்து நிற்பது? இல்லாத மூக்கைக் காட்டி உன் முதலாளியம்மாவிடம் வேலை வாங்க மனசு வரவில்லை. அதனால்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அதற்கு ஒரு வலியும் கிடையாது.

உன் பெட்டி வரும்போதெல்லாம் ஒவ்வொரு உறையையும் முகத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இன்றைக்கு வந்துவிடும் என்று. வரவில்லை. உட்கார்ந்த நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். அதுதான் நீங்கள் கொண்டாடும் மூன்று குறையும்.

உன் முதலாளியம்மாவின் எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறுதல் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. என் மூக்கு விஷயத்தை அவரிடம் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல். வெள்ளை நூலில் என்ன இருந்தது? நர்ஸுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "வார்டன், இது மருந்தா?" என்று கேட்டாள். நான் அவளுக்குக் காபி ருசி தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

நாங்கள் நலம். வெள்ளை நூலில் இருந்தது காபி இல்லை. வறுத்த தோலும் பழைய சக்கையும், மிஷினுக்குப் போடும் தீனி. அனுப்பியது என் அவசரம், உன் தப்பு ஒன்றுமில்லை. அது தெரிந்ததும், 'அறை முழுக்க வாசனை' என்று நீ எழுதியதை மறுபடி படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உன் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதலாளியம்மாவிடம் சொன்னேன். "நான் கேட்டது கண்ணையும் வாயையும்தானே? மூக்கு எதுக்கு?" என்றார்.

பட்டம் போனதென்று அழாதே. பால் தீய்ந்தால் சொல்ல வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூக்கு இருக்கின்றன. என்னோடு சண்டை போடத்தான் ஆள் இல்லை. உன் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறார், அலுத்துவிட்டது. எந்த ரயில் என்று எழுது.

சின்னவள்

*

செப்டம்பர் 21

சின்னவளுக்கு,

சுகம். சாவியைக் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை ரயில். இரண்டு மூக்கும் ஸ்டேஷனுக்கு வந்தால் நல்லது. பெட்டியில் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறது, கசிந்தால் எனக்குத் தெரியாது.

வெள்ளை நூல் பை ஒன்று மிச்சம் இருக்கிறது. பத்திரமாக எடுத்து வருகிறேன். மாப்பிள்ளைக்குச் சூடாகப் போட்டுக் கொடுப்போம். நீ சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடாதே.

அக்கா